கிணற்றுக்குத் தண்ணீர் ஊற்றிய நாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் யாருக்காவது சீக்கிரமே ஓர் உத்தரவு வரும். நின்றுகொண்டிருக்கும் ஒரு பழைய கட்டடத்தை ஒட்டிப் புதிதாக ஒன்றைக் கட்டு என்று. சாதாரண வேலைதானே என்று தோன்றும். காலி மனையில் கட்டுவதைவிடச் சுலபம் என்றுகூடத் தோன்றும். சாலை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, வெயிலுக்கு ஒதுங்கப் பக்கத்திலேயே கூரை இருக்கிறது. அந்த உத்தரவு கைக்கு வருகிற அன்று, நான் இப்போது சொல்லப்போவது உங்கள் நினைவுக்கு வந்தால் போதும். கணக்கும் வரைபடமும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் குடியாத்தத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, கிண்டியில் இன்ஜினியரிங் படித்து, பாலங்களிலும் மதகுகளிலும் சில வருடங்கள் அலைந்துவிட்டு வேலூருக்கு மாற்றலாகி வந்திருந்தேன். அங்கே பாலாற்றுப் பக்கம் ஒரு பழைய மாளிகையில் அருங்காட்சியகம் ஒன்று இருந்தது. ஆற்காட்டு நவாபிடம் வேலை பார்த்த ஒரு படைத்தலைவர் கட்டிய வீடு என்று சொல்வார்கள். அவர் பெயர்கூட யாருக்கும் சரியாகத் தெரியாது. நடுவில் ஒரு குவிமாடம், அதைச் சுற்றி அறைகள், பின்னால் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு கிணறு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். ஒரு துண்டு இரும்பு கிடையாது.

பெரிய ஆஸ்பத்திரிக்காக வெளியூரிலிருந்து வருகிறவர்கள், டாக்டர் பார்க்க நேரமாகும் என்றால் இங்கே வந்து சுற்றிப் பார்ப்பார்கள். மெட்ராஸ்காரர்கள் தங்கள் மியூசியத்தைச் சொல்வதைப் போல அவர்களும் அதைச் 'செத்த காலேஜ்' என்றுதான் சொன்னார்கள். உள்ளே வாள்கள், செப்பேடுகள், வெண்கலச் சிலைகள். வெளியே தோட்டத்தில், வெயிலிலும் மழையிலும், கலவை என்ற ஊர்ப் பக்கத்து ஏரிக்கரைகளிலிருந்து கொண்டு வந்த நடுகற்கள். வில்லும் வாளுமாக நிற்கும் வீரர்கள். மழை பட்டுப் பட்டு அவர்கள் முகம் தேய்ந்துகொண்டிருந்தது.

அந்தக் கற்களுக்கு ஒரு கூடம் கட்ட வேண்டும். பழைய மாளிகையின் வடக்குச் சுவரை ஒட்டி, உள்ளேயிருந்தே நடந்து போகிற மாதிரி. வரைபடம் மெட்ராஸில் தயாராகி வந்தது. கற்களின் பாரம் அதிகம் என்பதால் ஆழமான அஸ்திவாரம் போட்டிருந்தார்கள். முன்கூட்டியே இரண்டு இடங்களில் குழி எடுத்துப் பார்த்ததில் நல்ல கெட்டி மணல். யாரும் எதையும் அலட்சியமாகச் செய்யவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒழுங்காக வேலை செய்தும் வருகிற ஆபத்துதான் பெரிய ஆபத்து.

ஒப்பந்தக்காரர் ஆம்பூர்க்காரர். கவுஸ் பாய் என்று கூப்பிடுவோம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் கொட்டகைகளும் தொட்டிகளும் கட்டி வளர்ந்தவர். ஈர மண்ணில் வேலை செய்யத் தெரிந்தவர். பாலாறு வருடத்தில் பெரும்பகுதி மேலே வெறும் மணலாகக் கிடக்கும், ஆனால் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எங்கள் குழியிலும் ஆளுயரம் இறங்குவதற்குள் ஊற்று வந்துவிட்டது. கவுஸ் பாய் தன் மைத்துனருடைய டேனரியிலிருந்து ஒரு ஆயில் இன்ஜினைக் கொண்டுவந்து இறக்கினார். தோல் ஊறும் தொட்டிகளைக் காலி செய்கிற இன்ஜின். குழாயிலிருந்து முதலில் வந்த தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது. அருங்காட்சியகம் முழுக்க, தோல் பதனிடப் போடும் ஆவாரம்பட்டை வாசனை.

"வாசனை போகாது சார்," என்றார் கவுஸ் பாய். "ஆனா இஞ்சின் நிக்காது. அதுக்கு நான் கேரண்டி."

நிற்கவில்லை. பகலும் இரவும் ஓடியது. வெளியே வந்த தண்ணீர் வாய்க்காலாக ஓடிக் காம்பவுண்டுக்கு அப்பால் ஒரு பள்ளத்தில் குட்டையாகத் தேங்கியது. அங்கே எருமைகள் வந்து படுத்துக்கொண்டன. குழி காய்ந்தது. அடியில் கம்பி கட்டும் வேலை முடிந்து, மறுநாள் கான்கிரீட் போடலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டோம்.

அன்று காலை காப்பாளர் தேவசகாயம் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். சரித்திரம் படித்தவர். ஒல்லியான மனிதர், சுருக்கென்று கோபம் வரும். அந்த மாளிகையில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் தன் சொந்தப் பிள்ளை மாதிரி பேசுவார். இன்ஜின் வந்த நாளிலிருந்தே என் மேல் அவருக்கு வருத்தம்.

"சத்தத்துல மனுஷன் பேஜாராப் போறான் சார்," என்றார். "அதைக்கூடப் பொறுத்துக்கலாம். இப்போ கெணத்துலயும் தண்ணி இல்ல. தோட்டத்துக்கு நான் எங்க போறது?"

"கிணத்துல தண்ணி இல்லையா? எப்பலேர்ந்து?"

"நேத்து கயிறு எட்டல. இன்னிக்கு வாளியில சேறுதான் வருது. கோடையிலகூட இது வத்தினதே இல்லன்னு வாட்ச்மேன் சொல்றான்."

அவர் செடிகளைப் பற்றித்தான் கவலைப்பட்டார். நான் முற்றத்துக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். உள்சுவரில் பாசி படர்ந்த பகுதி எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மேலே காய்ந்த செங்கல். அதற்குக் கீழே பச்சை, இன்னும் ஈரமாகப் பளபளக்கிற பச்சை, கீழே வரை போனது. அத்தனை காலமும் தண்ணீருக்குள்ளேயே இருந்த சுவர் முதல் தடவையாக வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்து இன்ஜின் தண்ணீர் ஓடும் வாய்க்காலைப் பார்த்தேன். வாய்க்கால் ஓரமெல்லாம் மாவு மாதிரி ஒரு பொடி மணல் படிந்து கிடந்தது. கையில் எடுத்தேன். நாங்கள் தோண்டிய குழியில் இருந்தது பருமணல். இந்த மணல் எங்கள் குழியுடையது இல்லை. அப்படியென்றால் பக்கத்திலிருந்து தண்ணீரோடு சேர்ந்து வந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் என்ன இருக்கிறது? திரும்பிப் பார்த்தேன். குவிமாடம் வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

பழைய சுவரில் மயிரிழை மாதிரி சில விரிசல்கள் ஏற்கெனவே இருந்தன. வேலை தொடங்கும்போதே அவற்றின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைக் காரை வைத்து ஒட்டியிருந்தோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அவ்வளவுதான் அதன் வேலை. உள்ளே ஓடிப் போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே இருந்த ஒன்று உடைந்திருந்தது. யாராவது பிள்ளைகள் கை வைத்திருப்பார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் ஆசையாக இருந்தது.

நடுக்கூடத்தில், ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு வயதான தம்பதி தலையைத் தூக்கிக் குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஏழெட்டுப் பேர் அங்கங்கே. நான் தூணோரம் இருந்த கண்ணாடித் துண்டின் முன்னால் நின்றேன். அது முழுசாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'டிக்' என்று ஒரு சத்தம். கைக்கடிகாரச் சத்தம் அளவுகூட இருக்காது. கண்ணாடியின் நடுவே ஒரு கோடு விழுந்துவிட்டது. அந்த அம்மா தோளைத் துடைத்துக்கொண்டு கணவரிடம், "இன்னாங்க, மேலேர்ந்து சுண்ணாம்பு கொட்டுது," என்றார்.

எத்தனையோ இடங்களில் வேலை பார்த்திருக்கிறேன். வெள்ளத்தில் பாலம் ஆடியதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சின்னச் சத்தம் கொடுத்த பயத்தை வேறு எதுவும் கொடுத்ததில்லை. அவ்வளவு பெரிய ஒன்று, அவ்வளவு காலம் அசையாமல் நின்ற ஒன்று, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் ஏதோ சொன்ன மாதிரி இருந்தது.

தேவசகாயத்தின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் கூடத்தின் நடுவில் போய் நின்று சாதாரணக் குரலில், "எல்லாரும் மன்னிக்கணும், இன்னிக்கு மீசியம் லீவு. ஆபீசர் வர்றாங்க. மெதுவா வெளிய போங்க," என்றார். யாரும் பதறவில்லை. அந்தத் தம்பதி மட்டும் வாசலில் நின்று இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

வெளியே கவுஸ் பாய் காத்திருந்தார். "நிறுத்தட்டா சார்?"

கை இன்ஜினை நோக்கித்தான் போகும். உங்கள் கையும் போகும். "வேணாம் பாய். நான் வர்ற வரைக்கும் அப்படியே ஓடட்டும். யாரும் தொடக்கூடாது," என்றேன். திடீரென்று நிறுத்தினால் தண்ணீர் கீழேயிருந்து பொங்கும், குழியின் ஓரங்கள் சரியும், சரிகிற மண்ணோடு பழைய சுவரின் அடியும் வரும். ஓட விட்டால் அந்தப் பொடி மணல் போய்க்கொண்டே இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கெடுதல்.

தபால் ஆபீசுக்குப் போய் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டேன். எங்கள் மேலதிகாரியின் பெயரை உங்களிடம் சொல்லப்போவதில்லை. தன் பெயரை எங்கேயும் எழுதக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தவர் அவர். இணைப்புக் கிடைக்க நேரமாகியது. நான் சொன்னதை எல்லாம் குறுக்கிடாமல் கேட்டார்.

"கம்பி கட்டியாச்சா?"

"ஆச்சு சார்."

"அப்போ இன்னிக்கே கான்கிரீட் ஆரம்பிங்க. இருக்கிற ஆளுங்களை எல்லாம் இறக்குங்க. நாளைக்குள்ள முடிஞ்சிடும். அப்புறம் இன்ஜினை மெதுவா நிறுத்தினா தண்ணி தானா மேல வரும். இப்போ நிறுத்தினா கரை சரியும்."

"நாளைக்கு வரைக்கும் சுவர் தாங்குமான்னு தெரியல சார்."

"தாங்காதுன்னு தெரியுமா?"

"அதுவும் தெரியல."

பிறகு அவர் சொன்னார்: "நான் இங்க நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். நீங்க அந்தச் சுவருக்கு எதிர்ல நிக்கிறீங்க. நான் சொன்னது என் யோசனை. உத்தரவு இல்ல. நீங்க என்ன செய்தாலும் சாயங்காலம் ஒரு தந்தி அடிங்க. என்ன ஆனாலும் நானும் சேர்ந்துதான் செய்தேன்னு சொல்வேன்."

அவர் யோசனை தவறு என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். நூறு இடத்தில் அதுதான் சரியாக இருக்கும். ஆனால் திரும்பி நடந்து வரும்போது நான் யோசித்தது இதைத்தான். கான்கிரீட் போட ஆரம்பித்துவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது, முடிகிறவரை தண்ணீரை இறைத்தே ஆக வேண்டும். குழியை மூடுவதில் அப்படி இல்லை. ஒரு கூடை மணலைக் கொட்டிவிட்டு, கண்ணாடியைப் பார்த்துவிட்டு, அடுத்த கூடையைக் கொட்டலாம். தவறு என்று தெரிந்தால் நிற்கலாம். மறுபடி தோண்டலாம். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது, திரும்பி வர முடிகிற வழியில் போவதுதான் புத்தி.

கவுஸ் பாயிடம் சொன்னேன். குழியைப் பருமணல் போட்டு மூடுகிறோம். பழைய சுவர்ப் பக்கமிருந்து ஆரம்பிக்க வேண்டும். மணல் ஏற ஏற இன்ஜின் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஊற்று மட்டத்துக்கு மணல் வந்ததும் இன்ஜினைப் பெயர்த்துக் குட்டைக்குக் கொண்டுபோய், அங்கேயிருந்து தண்ணீரை எடுத்து முற்றத்துக் கிணற்றில் விட வேண்டும்.

"கெணத்துல விடணுமா?"

"நாம எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கணும் பாய்."

அவர் குழிக்குள் பார்த்தார். வரிசை வரிசையாகக் கம்பிகள். ஆண்களும் பெண்களுமாக முதுகு வளைந்து கட்டிய வேலை. "கம்பி எல்லாம் உள்ளயேவா?"

"உள்ளயேதான். அவிழ்க்க நேரமில்ல."

"மூடினா செவுரு நிக்குமா சார்?"

"தெரியாது பாய்."

"நிக்கும்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் யோசிச்சிருப்பேன்," என்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, குரல் கொடுக்க ஆரம்பித்தார். ஆற்றிலிருந்து மணல் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் போய்க்கொண்டிருந்த மாட்டு வண்டிகளை ரோட்டிலேயே மறித்துத் திருப்பினார். "யாருக்குப் போற மணலு? நான் பேசிக்கிறேன், திருப்பு!" வண்டிக்காரர்களுக்கு அவரைத் தெரியும். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க வண்டி.

வரிசையாக நின்று கூடை கை மாறியது. சித்தாள் பெண்கள், கொத்தனார்கள், வண்டிக்காரர்கள், அருங்காட்சியக ஊழியர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர். நான் உள்ளே ஒரு புதுக் கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டு, வாசல் நிலைப்படியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தேவசகாயம் என்னைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வெண்கலம் எல்லாம் குவிமாடத்துக்கு நேர் கீழ இருக்கு. விடுங்க சார், எடுத்துட்டு வந்துடறேன்."

"உள்ள யாரும் போகக்கூடாது."

"நான் யாரையும் அனுப்பல. நான்தானே போறேன்?"

"நீங்களும்தான். ஒரு சிலைக்காக ஒரு ஆளை நான் உள்ள விட மாட்டேன்."

"ஒரு சிலையா?" அவர் குரல் உடைந்தது. "அந்த நடராஜரை வார்த்தவன் பேரு உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. அவன் செய்ததுல மிச்சம் அது ஒண்ணுதான். அது நசுங்கினா அவன் பிறந்ததே இல்லன்னு ஆயிடும்."

பிடித்த கையை நான் விடவில்லை. அவர் என்னைத் தள்ளியிருந்தால் போயிருக்கலாம், நான் ஒன்றும் பலசாலி இல்லை. பிறகு அவர் கையை உதறிக்கொண்டு, சட்டையைக் கழற்றி வாசற்படியில் வைத்துவிட்டு, கூடை வரிசையில் போய் நின்றுகொண்டார். அதன் பிறகு சாயங்காலம் வரை என்னிடம் பேசவில்லை.

வெயில் சாயும்போது மணல் ஊற்று மட்டத்தைத் தாண்டியது. கவுஸ் பாய் தன் கையாலேயே இன்ஜினை நிறுத்தினார். அத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் காது அடைத்த மாதிரி இருந்தது. எல்லோரும் அசையாமல் நின்றோம். யாரும் சொல்லாமலே எல்லோருடைய கண்ணும் குவிமாடத்தின் மேல் இருந்தது. மணல் மெல்ல நனைந்து கருத்தது. ஓரங்கள் சரியவில்லை.

இன்ஜினைத் தடியில் கட்டித் தூக்கிக்கொண்டு போய்க் குட்டையோரம் வைத்தார்கள். குழாயை இழுத்து வந்து கிணற்றில் விட்டோம். முதல் தண்ணீர் பாசிச் சுவரில் வழிந்து இறங்கியது. ஊற்றிக்கொண்டே இருந்தோம். கிணறு குடித்துக்கொண்டே இருந்தது. எவ்வளவு விட்டாலும் மட்டம் ஏறவில்லை. அடியில் எவ்வளவு தாகம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வெளிச்சம் மங்குகிற நேரத்தில்தான் கீழே ஒரு பளபளப்புத் தெரிந்தது. மேலே இருந்த வானம் வட்டமாக உள்ளே தெரிந்தது. தேவசகாயம் கிணற்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஏறுது சார்," என்றார். வாசலில் கையை உதறிக்கொண்டு போன பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

மறுநாள் காலை கண்ணாடி முழுசாக இருந்தது. அதற்கடுத்த நாளும், அந்த வாரம் முழுவதும். மேலதிகாரிக்குத் தந்தி அடித்திருந்தேன். பதில் தந்தியில் ஒரே வார்த்தை: 'நல்லது.'

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. தப்பித்தோம் என்பது சரி, எதிலிருந்து தப்பித்தோம்? தண்ணீர் கொஞ்சம் இறங்கியதற்கே அவ்வளவு பெரிய கட்டடம் ஏன் ஆட வேண்டும்? அது தெரியாமல் பக்கத்தில் எதையும் கட்டக்கூடாது என்று வேலையை நிறுத்தி வைத்தேன். கோடை வந்து ஊற்று தானாகவே தாழ்ந்த சமயம், முற்றத்து மூலையில், இன்ஜின் இல்லாமல், மம்முட்டியால் மெதுவாக ஒரு சிறு குழி எடுத்தோம். ஒரு ஆள் இறங்கி நிற்கும் அளவுக்குத்தான். மேலதிகாரியும் அன்று வந்திருந்தார்.

நான் இறங்கினேன். முழங்கால் வரை தண்ணீர். சில்லென்று இருந்தது. குனிந்து, சுவரின் அடியைக் கையால் தடவிக்கொண்டே போனேன். செங்கல், செங்கல், அகலமாகிக்கொண்டே போகும் செங்கல். அதற்குக் கீழே கை வேறொன்றில் பட்டது. வழவழப்பாக, உருண்டையாக இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே குறுக்கே போகும் ஒன்று. கல் இல்லை. கைக்கு அது என்ன என்று உடனே தெரிந்துவிட்டது, ஆனால் மனம் ஒத்துக்கொள்ள நேரம் பிடித்தது.

மரம். அந்த மாளிகை முழுவதும், குவிமாடத்தோடு சேர்த்து, தண்ணீருக்குள் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய மரங்களின் மேல் நின்றுகொண்டிருந்தது.

உளியை வாங்கி ஒரு சிறு சீவல் எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். மேல்பக்கம் கருப்பு. உள்ளே சிவப்பு, நேற்று வெட்டியது போல. கவுஸ் பாய் வாங்கிப் பார்த்தார். "ஆச்சா மரம் சார்," என்றார். "ஜவ்வாது மலைலேர்ந்து வந்திருக்கும். ஆணி இறங்காது. தண்ணில போட்டா முழுகிப் பூடும்." மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னிடம் நீட்டினார். பச்சை மரத்தின் வாசனை வந்தது. நவாப் காலத்தில் எங்கோ மலைச்சரிவில் கோடரி பட்ட அன்று எழுந்த வாசனை, இத்தனை காலம் தண்ணீருக்குள் அடைந்து கிடந்து, இப்போது எங்கள் முகத்தில் வந்து பட்டது.

மரம் நனைந்து காய்ந்தால் உளுத்துப்போகும். எப்போதும் நனைந்தே இருந்தால் போகாது. இந்த வீட்டைக் கட்டியவர்கள் பாலாற்றின் அடியோட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள். மேலே ஆறு வற்றினாலும் கீழே தண்ணீர் வற்றாது என்று நம்பி, அந்த நம்பிக்கையின் மேல் குவிமாடத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். முற்றத்துக் கிணறு குடிப்பதற்காக மட்டும் வெட்டியதா, அல்லது கீழே தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வெட்டியதா? எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நாங்கள் டேனரி இன்ஜினை வைத்து அந்த மரங்களின் காலடியிலிருந்து தண்ணீரையும், அவை படுத்திருந்த பொடி மணலையும் உருவிக்கொண்டிருந்தோம்.

மேலதிகாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த வயதில், குழிக்குள் இறங்கினார். கையை உள்ளே விட்டார். ரொம்ப நேரம் எடுக்கவேயில்லை. மேலே வந்தபோது சட்டைக் கை தோள் வரை நனைந்திருந்தது. "நான் படிச்சதுல இது இல்ல," என்றார். பிறகு, "நாம கட்டறதை இது பக்கத்துல எப்படி நிறுத்தறது?" என்று கேட்டார். உத்தரவாக இல்லை, உண்மையாகவே கேட்டார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் புதுக் கூடம் பிறந்தது. பழைய வரைபடம் போனது. ஊற்றைத் தொடாத ஆழத்தில் அகலமான ஒரு தளம், அதன் மேல் முடிந்தவரை லேசான கட்டடம். நடுகற்கள் சுவரில் சாராமல் தளம் முழுக்கப் பரவலாக நின்றன. பழைய சுவருக்கும் புதிய சுவருக்கும் நடுவே ஒரு கை நுழைகிற அளவு இடைவெளி விட்டு, மேலே தகடு போட்டு மூடினோம். ஒன்று அசைந்தாலும் மற்றதைத் தொடாது. இன்றும் நீங்கள் போய்ப் பார்த்தால், பழைய கூடத்திலிருந்து புதுக் கூடத்துக்குப் போகும் இடத்தில் காலடியில் ஒரு கோடு தெரியும். யாரும் கவனிப்பதில்லை. கவனிக்காமல் தாண்டிப் போவது எனக்குச் சந்தோஷம்.

ஆனால் அதற்கு முன்பே, முற்றத்துச் சிறு குழியைப் பற்றி ஒரு சண்டை நடந்தது. தேவசகாயத்துக்கு அதை மூட மனமில்லை.

"கல்லு கட்டி, மேல கண்ணாடி போட்டு, ஒரு விளக்கு வைக்கலாம் சார்," என்றார். "ஜனங்க பார்க்கட்டும். இந்த மீசியத்துல இருக்கிற எல்லாத்தையும் சேர்த்து வெச்சாலும் இதுக்கு ஈடு ஆவாது. வாள், வெண்கலம், செப்பேடு எல்லாம் வேற ஊர்லயும் இருக்கு. இது எங்க இருக்கு?"

"காத்து பட்டா உளுக்க ஆரம்பிச்சிடும் சார்."

"கொஞ்ச இடம்தானே? ஒரு ஓரம்தானே?"

"ஓரத்துல ஆரம்பிச்சு உள்ள போகும்."

அவர் என்னோடு வாதாடினார், மேலதிகாரியோடு வாதாடினார். கவுஸ் பாயைக்கூடத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார். அவர்களில் யாராவது ஒருவர் சரி என்று சொல்லியிருந்தால் நானும் இளகியிருப்பேன். எனக்கும் அதை மூட ஆசையில்லை. என் வேலையில் நான் கண்ட மிகப் பெரிய விஷயம் அதுதான். மறுநாள் காலை அவரே என்னிடம் வந்தார். இரவெல்லாம் தூங்கவில்லை என்று கண் சொன்னது.

"மூடிடலாம்," என்றார்.

கவுஸ் பாயின் ஆட்கள் ஈர மணலைக் கொண்டுவந்து குவித்தார்கள். மம்முட்டியை எடுக்கப் போனவனைத் தேவசகாயம் நிறுத்தினார். வாழ்நாள் முழுவதும் பொருட்களை மண்ணிலிருந்து எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் வைத்து, நாலு பேருக்குக் காட்டுவதையே தொழிலாகக் கொண்டிருந்த மனிதர், குழியோரம் முழந்தாளிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் மணலை அள்ளி, முதல் பிடியை அந்த மரங்களின் மேல் தானே போட்டார். இன்னொரு பிடி. இன்னொரு பிடி. மரம் கண்ணிலிருந்து மறைகிறவரை அவர் நிறுத்தவில்லை. நாங்கள் யாரும் அருகே போகவில்லை.

பிறகு எழுந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். வாசல் பக்கம் ஆட்களின் பேச்சுச் சத்தம் கேட்டது.

"நேரமாயிடுச்சு," என்றார். "ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க வெளிய நிக்கிறாங்க. கதவைத் திறக்கணும்."